ஹேண்ட் பிரேக் போட்டால் படுக்கையறை... காட்டுப்பள்ளி சாலையில் லாரிகளின் இரவு!

மீஞ்சூரிலிருந்து கிழக்கே, கடலை நோக்கிப் போகும் சாலையில் பொழுது சாயும் நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரிகளின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். முதலில் ஒரு பாய் வெளியே வந்து உதறப்படும். அடுத்து தலையணை. பிறகு ஈரத்துணியால் சீட்டைத் துடைக்கும் சத்தம். முன்கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு லுங்கி திரையாகத் தொங்கும். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்ட பத்தாவது நிமிடத்தில் வண்டி வீடாகிவிடும்.

வீடு என்றால், குறுக்கே அளந்தால் எட்டடிகூட வராத வீடு. டாஷ்போர்டுதான் அலமாரி. அதில் பல் துலக்கும் பிரஷ், மாத்திரை அட்டை, சாமி படம், பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சீட்டுக்கு அடியில் மாற்றுத் துணி. டூல் பாக்ஸில் ஜாக்கி, ஸ்பேனரோடு ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், அரிசி, மிளகாய்த்தூள். பக்கவாட்டில் தண்ணீர் கேன். சமைத்து, சாப்பிட்டு, வீட்டுக்கு வீடியோ காலில் முகம் காட்டிவிட்டுப் படுத்தால் அன்றைய பொழுது முடிந்தது. முடிந்ததாக நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முன்னால் நிற்கும் வண்டி எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது.

காட்டுப்பள்ளியை வரைபடத்தில் பார்த்தால் ஒரு மெல்லிய மணல் துண்டு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும். வடக்கே போனால் காளாஞ்சி, கருங்காலி, அப்புறம் பழவேற்காடு. தெற்கே எண்ணூர். இந்தத் துண்டு நிலத்தில்தான் கடந்த முப்பது வருடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து உட்கார்ந்தன. 1990-களில் வட சென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர் துறைமுகம். 2014-இல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளம். 2013-இல் காட்டுப்பள்ளி துறைமுகம். எல் அண்ட் டி கட்டியது, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

இவற்றில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கன்வேயரில் போகிறது. குடிநீர் குழாயில் போகிறது. கன்டெய்னருக்கு அப்படி ஒரு வழி இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்தும், ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கும் ஸ்ரீசிட்டியிலிருந்தும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்திலிருந்தும் வரும் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு மனிதன் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வந்தவன் எங்கோ படுக்கவும் வேண்டும்.

சரக்கோடு சேர்ந்து தூங்குவது இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்குமானதாக ஆரம்பித்து, வடக்கே நீண்டுகொண்டே போனது. 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களை வைத்துச் சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டிய பிறகு, அன்றைய கவர்னரின் பெயரை மொத்தக் கால்வாய்க்கும் வைத்தார்கள். உப்பும் விறகும் சிப்பியும் நெல்லும் ஏற்றிய படகுகள் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போயின. காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் துடுப்புக் கழி, அதுவும் போதாதென்றால் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பது. சரக்கு மூட்டைகளுக்கு நடுவேதான் படகுக்காரர்களின் அடுப்பும் படுக்கையும். அந்தப் படகுகள் நின்றுபோய் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கால்வாய்க்குப் பக்கத்துச் சாலையில் இப்போது நாற்பதடிப் பெட்டிகள் நிற்கின்றன.

மூன்று விதப் படுக்கை

பெரிய லாரிக்காரர்களுக்குத்தான் ஓரளவு வசதி. சீட்டுக்குப் பின்னால் பெர்த் இருக்கும் ஸ்லீப்பர் கேபின் என்றால் காலை நீட்டிப் படுக்கலாம். துறைமுகத்துக்கும் யார்டுக்கும் இடையே மட்டும் ஓடும் பல டிரெய்லர்களில் அது கிடையாது. பகல் நேர ஓட்டத்துக்கான குட்டை கேபின் அது. அப்படிப்பட்ட வண்டியில் டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவே ஒரு பலகையைச் செருகி, மேலே பழைய ஸ்பாஞ்ச் மெத்தையை விரிப்பார்கள். கியர் ராடு எங்கே வருகிறதோ அங்கே முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். நடுவே இன்ஜின் மூடி. நாளெல்லாம் ஓடிய வண்டி என்றால் அந்த மூடி ஆறுவதற்கே நேரம் பிடிக்கும். முதுகுக்குக் கீழே தோசைக்கல் மாதிரி. அதனால்தான் வந்தவுடனே யாரும் படுப்பதில்லை. கதவு இரண்டையும் திறந்து போட்டுவிட்டு, கீழே நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

கிளீனர் கூட வந்திருந்தால் கேபின் டிரைவருக்கு, கேபினின் தலைமேல் கிளீனருக்கு. அங்கே மடித்து வைத்திருக்கும் தார்ப்பாய்தான் மெத்தை. காற்று நன்றாக வரும். தூக்கத்தில் புரண்டால் கீழே தார்ச்சாலை. இப்போது பாதி வண்டிகளில் கிளீனரே இல்லை. சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று ஒற்றை ஆளாகத்தான் வருகிறார்கள். பேச்சுத் துணையும் போயிற்று, ‘நான் பார்த்துக்கிறேன், நீ தூங்குண்ணே’ என்று சொல்ல ஆளும் போயிற்று.

இரண்டாவது வகை, குட்டியானைக்காரர்கள். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது தமிழ்நாடு அதற்கு வைத்த செல்லப்பெயர் அது. பிறகு அசோக் லேலண்டின் தோஸ்த், மகிந்திராவின் பிக்கப் என்று கூட்டம் பெருகிவிட்டது. சிப்காட் கம்பெனிகளுக்கு உதிரிபாகம், கப்பல் தளத்துக்குக் கேஸ் சிலிண்டர், பழவேற்காட்டிலிருந்து தெர்மகோல் பெட்டியில் இறாலும் நண்டும்... எல்லாம் இவர்கள் பாடு. இவர்களின் கேபின் உள்ளே ஐந்தடிகூட வராது. குறுக்கே படுத்தால் ஒன்று தலை இடிக்கும், இல்லை கால் கண்ணாடிக்கு வெளியே போகும். ஆனால் பின்பக்கம் இருக்கிறதே, அது ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். வீட்டுக் கட்டிலைவிடப் பெரிது! லோடு இறக்கிய வண்டி என்றால் ராஜ படுக்கைதான்.

அதை அமைப்பதிலும் ஒரு கை நுணுக்கம் இருக்கிறது. முதலில் தகரத் தளத்தில் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டும். காய்ந்ததும் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்க வேண்டும். பாய்க்குக் கீழே அட்டை இருந்தால் தகரத்தின் சூடும் பின்னிரவின் குளிரும் முதுகில் ஏறாது. தளத்தில் இருக்கும் வரிவரியான மேடும் உறுத்தாது. நான்கு மூலையிலும் கயிறு கட்டும் கொக்கி இருப்பதால் கொசுவலைக்குத் தனியாகக் கம்பம் வேண்டாம். மழைக்காலம் என்றால் இரண்டு பக்கப் பலகைக்கும் மேலே தார்ப்பாயைக் கூடாரமாக இழுத்துக் கட்டலாம். பின்பலகையை மட்டும் திறந்து வைக்க வேண்டும். வண்டியை நிறுத்தும்போதே தரையின் சரிவைப் பார்த்துத் தலை மேட்டுப் பக்கம் வரும்படி நிறுத்துவார்கள். அதைவிட முக்கியம், கால்வாய் எந்தப் பக்கம் என்று பார்ப்பது. கழிமுகக் கொசு லேசுப்பட்டது அல்ல.

மூடிய பெட்டி வண்டி என்றால் கதை வேறு. நான்கு பக்கமும் தகரம், ஜன்னல் கிடையாது, தாழ்ப்பாள் வெளியே. உள்ளே படுத்தவருக்குக் காற்றும் இல்லை. யாராவது தெரியாமல் கதவைச் சாத்திவிட்டால் திறக்கவும் முடியாது. காலி கன்டெய்னருக்கும் இதே கதைதான். நிழலாக இருக்கிறதே என்று அதற்குள் படுப்பது ஆபத்து.

மூன்றாவது வகையை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பதறிப்போவார்கள். டிரெய்லரின் அடியில், சேஸிஸின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு பழைய காட்டன் புடவையைக் கட்டி, தூளியாக்கி, அதில் படுத்துவிடுகிறார்கள் சிலர். வீட்டில் பிள்ளைக்குக் கட்டிய அதே முடிச்சுதான். சித்திரை வெயிலில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் அந்தச் சாலையில் கிடையாது. மேலே இருபது, இருபத்தைந்து டன் பெட்டி குடைபிடிக்கிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று அடியில் புகுந்து போகிறது. ஆனால் பின்னால் நிற்கும் வண்டி லேசாக வந்து முட்டினாலும், கட்டை போடாத சக்கரம் ஓரடி உருண்டாலும் அவ்வளவுதான். அடியில் ஆள் படுத்திருப்பது ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இது எல்லா டிரைவருக்கும் தெரியும். தெரிந்தும் படுக்கிறார்கள் என்றால், மேலே கேபினுக்குள் எவ்வளவு சூடு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஏன் விட்டுவிட்டுப் போகக் கூடாது?

பக்கத்து ஊரில் லாட்ஜ் இல்லையா, மீஞ்சூர் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று கேட்கத் தோன்றும். லாட்ஜ் இருக்கிறது. வண்டியை யார் பார்த்துக்கொள்வது?

கன்டெய்னர் கதவில் ஒரு சீல் இருக்கும். அதில் ஒரு எண். தொழிற்சாலையில் பூட்டிய அந்த எண்ணும் துறைமுகக் கேட்டில் காட்டும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் யாராவது கை வைத்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பல நேரம் அவருக்கே தெரியாது என்பது வேறு விஷயம். அப்புறம் டீசல் டேங்க், பேட்டரி, ஸ்டெப்னி. இந்த மூன்றுக்கும் இரவில் தனியாக நிற்கும் லாரியில் பாதுகாப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வரிசை. நாலு வண்டி நகரும்போது உங்கள் வண்டி நகரவில்லை என்றால் இடம் போச்சு. கப்பலுக்குப் பெட்டி போய்ச் சேர வேண்டிய கெடு தவறினால் அது அடுத்த கப்பல்தான். அந்தச் செலவுக்கான பேச்சு சுற்றிச் சுற்றி டிரைவரிடம் வந்து நிற்கும்.

சம்பளக் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்றுதான் பேச்சு. ஒரு நடை ஆறு மணி நேரத்தில் முடிந்தாலும் அதே காசு, இரண்டு நாள் இழுத்தாலும் ஏறக்குறைய அதே காசு. காத்திருக்கும் நேரத்துக்கு விலை இல்லை. விலை இல்லாத நேரத்தில் லாட்ஜ் வாடகை கொடுக்க யாருக்கு மனம் வரும்?

எந்நாளும் வரிசை நிற்கிறது என்று சொல்ல முடியாது. வந்த வேகத்தில் உள்ளே போய், பெட்டியை இறக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் ஊர் திரும்பும் நாட்களும் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் வாசலில், எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் நின்ற ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் வந்தால், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், புயல் எச்சரிக்கை ஏறினால், காகிதத்தில் ஒரு எழுத்து மாறினால் வரிசை தானாக வளரும். எந்த நாள் எப்படிப் போகும் என்று தெரியாததால் எல்லோரும் பாயோடுதான் கிளம்புகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை ஞாபகத்துக்கு வருகிறது. கன்டெய்னரை உலகத்துக்குக் கொண்டுவந்த மால்கம் மெக்லீன் ஆரம்பத்தில் ஒரு லாரி டிரைவர். 1937-இல் அமெரிக்காவின் ஹோபோகன் துறைமுகத்துக்குப் பருத்தி பேல் ஏற்றிப் போனவர், தன் லோடு இறங்குவதற்காக நாள் முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாராம். மூட்டையாகத் தூக்காமல் லாரியின் பெட்டியையே அப்படியே கப்பலில் ஏற்றினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளோடு அவருடைய கப்பல் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதற்குப் பிறகு கப்பல்கள் துறைமுகத்தில் வாரக்கணக்கில் காத்திருப்பது நின்றது. காத்திருந்து வெறுத்துப்போன டிரைவரின் மூளையில் பிறந்த பெட்டிதான் இது. டிரைவர்கள் மட்டும் இன்னும் காத்திருக்கிறார்கள்.

‘அண்ணே, லைன் நகருது!’

நள்ளிரவுக்கு மேல் இந்தச் சாலையில் கேட்கும் குரல் அது. கூடவே கதவில் தட்டும் சத்தம். முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரை எழுப்ப வேண்டும் என்பது எழுதப்படாத விதி. எழுப்பாமல் தாண்டிப் போகிறவருக்கு அந்தச் சாலையில் மரியாதை கிடையாது. எழுந்து, சாவியைத் திருப்பி, நூறடி நகர்த்தி, மறுபடி ஹேண்ட் பிரேக். மறுபடி பாய். கண் அசரும்போது மறுபடி கதவில் தட்டு. படுத்திருந்தது ஆறு மணி நேரம் என்றாலும் தூங்கியது எவ்வளவு?

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென்று எழுப்பினால் மூளை முழுதாக விழிக்கக் கால் மணியிலிருந்து அரை மணி நேரம்வரைகூட ஆகும். கண் திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், ஆனால் முடிவெடுக்கும் வேகம் இருக்காது. அந்த அரைத் தூக்கத்தில்தான் நாற்பதடி டிரெய்லரை, அடியில் யாராவது படுத்திருக்கக்கூடிய சாலையில், நகர்த்துகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் உள்ளவருடையதற்குச் சமமாகச் சரிகிறது. 24 மணி நேரம் விழித்தால் 0.10 சதவிகிதத்துக்குச் சமம். இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. ஊதச் சொல்லிப் பிடிக்கக் கருவி இருக்கிறது. தூங்காதவரைப் பிடிக்கும் கருவி எளாவூர் சோதனைச்சாவடியிலும் இல்லை, வேறு எந்தச் சாவடியிலும் இல்லை.

2020-இல் சேவ்லைஃப் அறக்கட்டளை சென்னை உட்பட 10 நகரங்களில் லாரி ஓட்டுநர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ பாதிப் பேர் களைப்போ தூக்கமோ இருந்தாலும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டு அதிகாலை மூன்று மணிக்குத் தச்சூர் கூட்டுச்சாலை ஏறும் டிரைவரும் அந்தப் பாதியில் இருக்கலாம். அதே சாலையில் எதிரே வருவது திருப்பதிக்குப் போகும் உங்கள் குடும்பத்தின் காராகவும் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. இரவில் தங்க வேண்டியிருக்கும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்று அதில் தனிப் பிரிவே உண்டு. படிக்க நன்றாக இருக்கும். ஆனால், ‘வேலை நேரம்’ என்றால் என்ன என்று அதே சட்டம் விளக்கும் இடத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குள் இருந்தால் அது வேலை நேரத்தில் சேரும் என்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு மேல், பதினைந்து மணி நேரம் காத்திருந்தால்? அந்தப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. அறுபது வருடங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். கன்டெய்னர் வரிசையை அன்று யார் கண்டார்கள்? அந்தச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்ட தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்து வண்டி ஓட்டுபவர்களுக்கும், சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர்களுக்கும் 1961 சட்டம் எட்டியதே இல்லை. குட்டியானைக்காரர்களில் பெரும்பாலானோர் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

ஏ.சி வந்தாச்சு, டீசல் யாருடையது?

2025 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்கள் எல்லாவற்றிலும் டிரைவர் கேபினுக்கு ஏ.சி கட்டாயம். மத்திய அரசு 2023 டிசம்பரில் போட்ட உத்தரவு அது. நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. பல பத்தாண்டுகளாக லாரி செய்துகொண்டிருக்கும் தொழிற்சாலை இதே எண்ணூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து காட்டுப்பள்ளிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இனி வரும் புது வண்டிகளில் பகல் ஓட்டம் சுகமாக இருக்கும்.

ஆனால் இரவுத் தூக்கத்துக்கு இந்த ஏ.சி உதவுமா? இன்ஜின் ஓடினால்தான் ஏ.சி ஓடும். நிறுத்தி வைத்த லாரியின் இன்ஜினை ஓடவிட்டால் மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் டீசல் போகும். ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அந்தக் காசு முதலாளி கணக்கா, டிரைவர் கணக்கா என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அதனால் வரிசையில் நிற்கும் வண்டிகளில் 24 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு குட்டி ஃபேன்தான் கதி. குளிர்நாடுகளிலும் பாலைவன நாடுகளிலும் இன்ஜினை அணைத்த பிறகும் பேட்டரியில் தனியாக ஓடும் கூலர்கள் லாரிகளில் வந்துவிட்டன. இங்கே இன்னும் அது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகை தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி குழு கண்டறிந்தது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. கேபினுக்குள் ஸ்டவ் பற்றவைப்பதும், கொசுவுக்காகக் கரி மூட்டம் போடுவதும் இதே வகைதான். கண்ணாடி இரண்டு பக்கமும் நாலு விரல் இறங்கியிருக்கட்டும், இடைவெளியில் வலைத்துணியைச் செருகுங்கள் என்று பழைய டிரைவர்கள் புதியவர்களுக்குச் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது.

வெளிநாடுகளில் இதற்கெல்லாம் அளவுகோலே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லாரிக்குள் படுக்கை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 75 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் இருக்க வேண்டும். அதாவது ஆறேகால் அடிக்கு இரண்டடி. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஒரு படி மேலே போனது. டிரைவரின் 45 மணி நேர வாராந்திர ஓய்வை லாரி கேபினுக்குள் கழிக்கச் சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எவ்வளவு நல்ல கேபினாக இருந்தாலும் அது வீடு ஆகாது என்பது அதன் பொருள்.

இங்கேயும் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலைகளில் முதற்கட்டமாக 1,000 ஓட்டுநர் ஓய்வு மையங்கள் அமைப்பதாக 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் பங்க்குகளில் படுக்கை, குளியலறை, சமைக்க இடம் என்று கட்டித் தருகின்றன. நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அது உதவும். துறைமுக வரிசையில் நிற்பவருக்கு, அந்தப் படுக்கை வரிசை நகரும்போது கூடவே நகர்ந்தால்தான் உதவும்! வண்டியை உள்ளே விட்டு, டோக்கன் வாங்கி, முறை வரும்போது போனில் கூப்பிடும் பெரிய பார்க்கிங் யார்டு இருந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. விமான நிலையத்தில் பயணிகளுக்கு இந்த முறை எத்தனையோ காலமாக நடக்கிறது. கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கருவேலம் புதருக்கும் கால்வாய்க் கரைக்கும் அந்தக் கதை தெரியும்.

எண்ணூர் துறைமுகத்தையும் தச்சூரையும் இணைக்கும் சென்னை எல்லைச் சாலையின் முதல் பகுதி, ஏறக்குறைய 25 கிலோமீட்டர், வேலை நடக்கிறது. மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரி வரை மொத்தம் 130 கிலோமீட்டருக்கு மேல் வரப்போகும் சாலை அது. காட்டுப்பள்ளி துறைமுகத்தை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக விரிவாக்கும் திட்டமும் காகிதத்தில் இருக்கிறது. மீனவ கிராமங்களும் சூழலியலாளர்களும் எதிர்க்கிறார்கள். 2021 ஜனவரியில் நடக்க இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரிலும் தள்ளிப்போனது. அது தனியாகப் பேச வேண்டிய பெரிய கதை. இருக்கிற அளவு சரக்குக்கே டிரைவர் லுங்கியைத் திரையாகக் கட்டித் தூங்குகிறார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அதிகாலை நாலரை மணி. கடற்காற்று அடங்கி, நிலத்திலிருந்து லேசான குளிர் காற்று கடல் பக்கம் போகும் நேரம். இரவு முழுக்கக் கிடைக்காத நல்ல தூக்கம் இப்போதுதான் கண்ணைச் சுற்றும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். டூவீலரில் டீ கேன் கட்டிக்கொண்டு வருகிறவர் ஹாரன் அடித்தபடி ஒவ்வொரு கேபினாக நிற்பார். அவருக்குப் பின்னாலேயே அந்தக் குரல். “அண்ணே, கேட் திறந்தாச்சு!”

தூளி அவிழ்கிறது. பாய் சுருண்டு சீட்டுக்குப் பின்னால் போகிறது. முன்கண்ணாடியில் தொங்கிய லுங்கி இறங்குகிறது. கேனில் மிச்சமிருக்கும் தண்ணீரில் முகத்தைக் கழுவி, தூக்கக் கலக்கத்தோடு காகிதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சீல் எண்ணை டார்ச் அடித்து ஒரு முறை சரிபார்த்துவிட்டு ஏறி உட்கார்கிறார் டிரைவர். இன்ஜின் உறுமுகிறது. வண்டி நகர்ந்த இடத்தில் தரையில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டும் கொசுவர்த்திச் சாம்பலும் கிடக்கின்றன. பின்னால் நின்ற லாரி அந்த இடத்துக்கு வந்து, ஹேண்ட் பிரேக் போடுகிறது.